கவுந்தியடிகளின் தோள்சுமை



மார்கழி விடுமுறையில் எம் மகள்வயிற்றுப் பேத்தி திண்டுக்கல்லுக்கு வந்திருந்தாள். கல்லூரித் தோழியர் சிலரும் ஆசிரியர் இருவருமாகப் பழனி மலைத்தொடரில் நான்கு நாள் நடந்தே செல்வதாகத் திட்டம். வனத்துறையின் இசைவு பெற்றாயிற்று. மலையூர்க்காரர் ஒருவர் வழிகாட்டியாக உடன் வருகிறார். புறப்படுவதற்கு முதல்நாள் மாலை, கூடத்தின் நடுவே தன் முதுகுப்பையை நிறுத்திவிட்டு, “பாட்டி, இதைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள்” என்றாள். எழுபதைக் கடந்த கைகள் பற்றி இழுத்தும் பை தரையைவிட்டு எழவில்லை. நிறுத்துப் பார்த்தபோது 14 கிலோ இருந்தது.

அடுக்களையில் நின்ற எம் மகள் எம்மையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நீங்கள் போகாதே என்று சொன்னால் கேட்பாள், அம்மா” என்பது அப்பார்வையின் பொருள். அவள் அச்சத்தில் பிழை இல்லை. 2018ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், அண்டையிலுள்ள தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் நடைப்பயணம் சென்றவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து, இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போயிற்று. அதன் பின்னரே மலைநடைக்குத் தனி விதிகளை அரசு வகுத்தது. அச்செய்தியைக் கேட்ட எந்தத் தாய்க்கும் காடு என்றால் வயிறு கலங்கும். அதனோடு, அந்தி சாய்ந்தபின் உண்ணாமை, கிழங்கு விலக்கல், வடிகட்டிய நீர் ஆகிய நம் இல்லத்து ஒழுக்கங்களைக் காட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கவலையும் அவளுக்கு உண்டு.

யாம் போ என்றும் சொல்லவில்லை, வேண்டா என்றும் சொல்லவில்லை. அலமாரியிலிருந்து சிலப்பதிகாரத்தை எடுத்துவரச் சொன்னோம். பல நாள் நடைப்பயணத்தைப் பற்றித் தமிழில் ஒரு நூலைப் பார்க்க வேண்டுமெனின், நாடுகாண் காதை, காடுகாண் காதை, புறஞ்சேரி இறுத்த காதை என்னும் மூன்றையும் விஞ்சிய ஒன்று எமக்குத் தெரியவில்லை. அப்பயணத்தின் தலைவி கோவலனும் அல்லன், கண்ணகியும் அல்லள். நம் சமயத்துத் தவமூதாட்டியாராகிய கவுந்தியடிகள். அவர்தம் நடையையே இவ்விதழின் அன்பர்களோடு சிந்திக்க விழைகின்றோம்.

முதலில் பையைப் பார்ப்போம். மதுரைக்குப் புறப்படும்போது அடிகள் எடுத்துக்கொண்டவை மூன்று என்று இளங்கோவடிகள் கணக்காகச் சொல்லுகின்றார்: பிச்சைக்கலம், தோளின்மேல் துணியாலான உறி, கையில் மயிற்பீலி. இவ்வளவே. காவிரிக்கரையிலிருந்து வைகைக்கரை வரை செல்லும் வழிக்கு இம்மூன்றும் போதுமா என்று பேத்தி வியந்தாள். மூன்றில் கலம் ஒன்றே தம் உடலின் பொருட்டு என்பதை அவளுக்குக் காட்டினோம். பீலி, அமரும் இடத்தில் ஊரும் சிற்றுயிர்களை வருடி அகற்றுவதற்கு. அதாவது சுமையில் ஒரு பங்கு பிற உயிர்க்காகச் சுமப்பது. இல்லறத்தாராகிய நமக்குத் துறவியரின் அளவு பொருந்தாது. நமக்கு விதித்தது பரிமித பரிக்கிரகம், அளவுக்கு உட்பட்ட பொருள். ஆயினும் அளவு என்று ஒன்று இருக்கிறது என்பதை வீட்டிலிருக்கும்போது நாம் உணர்வதில்லை. அலமாரி சுமப்பதால் நமக்குக் கனம் தெரிவதில்லை. தன் தோளே சுமக்க நேரும்போதுதான் தெரிகிறது.

அடுத்து, புறப்படுமுன் அடிகள் சொல்லும் எச்சரிக்கை. ஆசிரியப் பணியில் இருந்த எமக்கு இப்பகுதியை எத்தனை முறை படித்தாலும் வியப்பு அடங்குவதில்லை. வழியில் கள்வர் உண்டு, புலி உண்டு என்று அவர் அச்சுறுத்தவில்லை. சோலை வழியே போனால், கிழங்கு அகழ்ந்த குழிகளை உதிர்ந்த சண்பகப் பூக்கள் மூடிக் கிடக்கும். அவற்றில் கால் இடறும். குழியை விலக்கி நடந்தால் தாழ்ந்து தொங்கும் பலாக்காய் தலையில் முட்டும். வயல் வழியே போனால், நீர்நாய் வாளைமீனைக் கவ்வும் ஓசைக்குக் கண்ணகி அஞ்சுவாள். கரும்பில் கட்டிய தேனடை சிதைந்து பொய்கை நீரில் கலந்திருக்கும். நீர்வேட்கை மிகுந்தால் அறியாமல் அதனைக் கையால் அள்ளிப் பருகிவிடக் கூடும். களையெடுப்போர் பறித்து வரப்பில் இட்ட குவளை மலர்களில் வண்டுகள் உறங்கும். நடந்த களைப்பில் அவற்றின்மேல் அடி வைத்துவிடக் கூடும். கால்வாய்க் கரையில் நண்டும் நத்தையும் மிதிபட்டால் அத்துன்பம் நம்மால் தாங்க ஒண்ணாது. இவையே அவர் சொல்லும் வழித் துன்பங்கள்!

நம் முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் முதலாவது ஈர்யா சமிதி. நான்கு முழம் முன்னே நிலத்தை நோக்கி, உயிர்களுக்கு ஊறு நேராமல் பகலொளியில் நடப்பது. அதனை விதியாகச் சொன்னால் இளையோர்க்கு உறைக்காது. தேன் கலந்த நீர், பூவில் உறங்கும் வண்டு, கரையில் ஊரும் நண்டு என்று அடிகள் பொருள்பொருளாகக் காட்டுகின்றார். நடப்பவளின் காலுக்கு நேரும் துன்பமும் அக்காலால் பிற உயிர்க்கு நேரும் துன்பமும் அவர் பட்டியலில் ஒரே வரிசையில் வருகின்றன. நாமாயின் இரண்டையும் தனித்தனியே வைத்து, முதலாவதைப் பாதுகாப்பு என்றும் இரண்டாவதைச் சமயம் என்றும் பெயரிடுவோம்.

இனி நடையின் வேகம். ஒரு நாளில் ஒரு காதத்துக்கு மேற்படாமலும், தங்கிய நாள் பலவும் சென்ற நாள் ஒன்றுமாக அவர்கள் சென்றனர் என்கிறது காப்பியம். அடிகளைச் சந்திக்கும் முன்னர்ச் சிறு தொலைவு நடந்ததற்கே களைத்துவிட்ட கண்ணகி, மதுரை எங்கே என்று கேட்கின்றாள். முப்பது காதத் தொலைவைக் கோவலன் ஆறு ஐந்து என்று பெருக்கல் வாய்பாடாகச் சொல்லி, அருகில்தான் என்று தேற்றுகின்றான். தேற்றும்போதே அவன் நகைக்கின்றான். அடிகள் உடன் வந்தபின் தொலைவைக் குறைத்துச் சொல்லும் பேச்சே இல்லை. நடையின் அளவு குறைகிறது.

இப்பயணத்தில் நம் திண்டுக்கல் சீமைக்கும் ஓர் இடம் உண்டு என்பதை இவ்வூர் அன்பர்களிலும் பலர் அறியார். கொடும்பாளூரில் வழி மூன்றாகப் பிரிகிறது. மாங்காட்டு மறையோன் ஒருவன் மூன்றையும் விரித்துரைக்கின்றான். வலப்பக்க வழி வறண்ட காட்டைக் கடந்து, தினையும் வரகும் கரும்பும் மஞ்சளும் வாழையும் கமுகும் தெங்கும் மாவும் பலாவும் சூழ்ந்த சிறுமலைக்கு வரும். அம்மலையை வலப்புறம் கொண்டு மதுரைக்குப் போகலாம் என்கின்றான். எம் வீட்டு மொட்டைமாடியிலிருந்து தென்கிழக்கே தெரியும் அதே சிறுமலைதான். அன்று சொன்ன வாழை இன்றும் அங்கு விளைகிறது. 2008ஆம் ஆண்டில் சிறுமலை வாழைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இடப்பக்க வழியில் திருமால்குன்றத்துக் குகையும், மூழ்கினால் விரும்பியன எல்லாம் தரும் பொய்கைகளும் உள என்று மறையோன் ஆசை காட்டுகின்றான். அடிகள் சினவாமல் விடை பகர்கின்றார்: வாய்மையில் வழுவாது உயிர்களைப் பேணுவோர்க்கு அடைய முடியாத பொருள் உண்டோ? குகைக்குள் சென்று தேட வேண்டுவது ஒன்றும் இல்லை. பின்னர் அவர்கள் நடுவழியே சென்றனர்.

அவர்கள் மிதிக்காவிடினும் இப்பகுதி நம் துறவியர் கால்படாத நிலம் அன்று. நிலக்கோட்டை வட்டத்து மேட்டுப்பட்டியில், சித்தர்மலைக் குகைத்தளத்தில் கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமி எழுத்துகளும் உள்ளன. பழனிக்கு மேற்கே ஐவர்மலையில், சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870இல், வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டில் பொறித்த கல்வெட்டு இருக்கிறது. குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர், திருவயிரையில் பார்சுவ பட்டாரர் திருமேனியையும் இயக்கியர் உருவங்களையும் புதுக்கி, வழிபாட்டுக்கும் அடிகள் ஒருவரின் உணவுக்கும் 505 காணம் பொன் அளித்த செய்தி அதில் உள்ளது. அடிகள் ஒருவர்க்கு என்ற சொல்லை அன்பர்கள் கருதுக. நடந்து வந்து சேரும் ஒரே ஒரு துறவிக்குச் சோறு உண்டு என்று கல்லில் எழுதி வைத்தவர்கள் நம் முன்னோர்.

தைத் திங்களில் காரைக்குடிப் பக்கத்திலிருந்து காவடியேந்திப் பழனிக்கு நடப்போர் எம் ஊர் வழியே செல்வர். அவர்க்கு வழியெங்கும் நீரும் மோரும் அளிப்பதைக் காணும்போதெல்லாம் ஐவர்மலைக் கல்வெட்டு எம் நினைவுக்கு வரும். சமயம் வேறாயினும், நடப்பவர்க்கு ஊர் கடமைப்பட்டது என்னும் எண்ணம் ஒன்றே.

இவ்வளவும் சொல்லி வரும்போது பேத்தி இடைமறித்தாள். “நீங்கள் சிறுமலைக்கு நடந்து போயிருக்கிறீர்களா, பாட்டி?”

போயிருக்கிறோம். இதுவரை யாரிடமும் முழுமையாகச் சொல்லாத அச்செய்தியை அன்று அவளிடம் சொன்னோம், இங்கும் எழுதுகின்றோம். நம் சமயத்தில் பிரதிக்ரமணம் என்று ஒன்று இருக்கிறது. அதனை முணுமுணுப்பாகச் சொல்லிவிட்டுப் போவது எளிது.

1984ஆம் ஆண்டு. வடார்க்காட்டுச் சிற்றூரிலிருந்து பணியின் பொருட்டு இவ்வூருக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பள்ளி மாணவியர் 19 பேரை மூன்று நாள் நடைமுகாமாகச் சிறுமலைக்கு அழைத்துச் சென்றோம். உடன் மற்றோர் ஆசிரியை. ஒற்றையடிப் பாதையில் ஏற்றம். எதிரே குதிரைகள் முதுகில் வாழைத்தார்களும் எலுமிச்சை மூட்டைகளும் இறங்கி வரும். பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம். சமையல் பாத்திரங்களைக் கட்டிய மூட்டையை யார் சுமப்பது என்ற பேச்சு எழுந்தபோது, விடுதியில் தங்கிப் படித்த ஓர் ஏழைப் பெண் தானே முன்வந்தாள். அவள் எதற்கும் மாட்டேன் என்று சொல்லாதவள். சொல்லாதவர் தலையில்தான் சுமை ஏறும் என்பதை அறிந்திருந்தும் யாம் அதனை மாற்றவில்லை.

இரண்டாம் நாள் மாலை இறக்கத்தில் இருந்தோம். ஓடும் பிள்ளைகள் முன்னே. அவர்களோடு யாமும் முன்னே. இன்னும் எவ்வளவு தொலைவு என்று கேட்டவர்க்கெல்லாம், கோவலனைப் போலவே, இதோ வந்துவிட்டது என்றோம். தங்குமிடம் சேர்ந்து எண்ணியபோது 18. உடன்வந்த ஆசிரியையைப் பிள்ளைகளோடு விட்டுவிட்டு, தோட்டக்காரர் ஒருவரின் அரிக்கன் விளக்கோடு திரும்பி ஏறினோம். ஏறத்தாழ ஒரு மணி நேர நடையில், பாறை ஒன்றில் அப்பெண் அமர்ந்திருந்தாள். செருப்பின் வார் அறுந்து போயிருந்தது. உள்ளங்கால் இரண்டும் கொப்புளம் உடைந்து புண். பாத்திர மூட்டை மட்டும் மண் படாமல் மடியில்.

யாம் செய்தது யாது? சினந்தோம். “ஏன் கூப்பிடவில்லை?” என்று அதட்டினோம்.

“கூப்பிட்டேன் டீச்சர். நீங்க எல்லாரும் பாடிட்டிருந்தீங்க.”

ஆம், பாடிக்கொண்டிருந்தோம், இறைவணக்கப் பாடல்தான். தங்குமிடம் சேர்ந்தபின், எல்லாப் பிள்ளைகளின் முன்னிலையிலும், அவளால் அனைவர்க்கும் தாமதம் என்று மீண்டும் ஒருமுறை கடிந்தோம். எம் அச்சமே சினமாக மாறியது என்பது பின்னர்த் தெளிந்த உண்மை. அது விளக்கம் ஆகலாம், மன்னிப்பு ஆகாது. வகுப்பின் வேகம் கடைசி வரிசைப் பிள்ளையின் வேகம் என்பது ஆசிரியப் பயிற்சியில் யாம் பெற்ற முதற்பாடம். கரும்பலகைக்கு முன்னே அதனைக் காத்தோம்; மலைமேல் கைவிட்டோம். ஆண்டுதோறும் க்ஷமாவணி நாளில் எண்பத்து நான்கு லட்சம் யோனி பேதமுள்ள உயிர்களிடமும் பொறுத்தருள வேண்டுகின்றோம். அந்த ஒரு பெண்ணிடம் வேண்டவில்லை.

பேத்தி நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: “கவுந்தியடிகள் ஒரு தவறும் செய்யவில்லையா?”

நல்ல வினா. காப்பியம் அடிகளைக் குறையற்றவராகக் காட்டவில்லை. உறையூருக்குப் போகும் வழியில், பரத்தை ஒருத்தியும் தூர்த்தன் ஒருவனும் எதிர்ப்பட்டு, உடன் வரும் இவர்கள் யார் என்று வினவ, என் மக்கள் என்கின்றார். உடன்பிறந்தார் கணவனும் மனைவியுமாவரோ என்று அவர்கள் எள்ளி நகைக்கின்றனர். கண்ணகி செவிபொத்தி நடுங்குகின்றாள். அடிகள், முள்ளுடைக் காட்டில் நரிகளாகுக என்று சபித்துவிடுகின்றார். நண்டுக்கும் நத்தைக்கும் இரங்கிய அதே வாய்! நரிக்குரல் கேட்டுக் கலங்கிய கண்ணகியும் கோவலனும், அறியாமல் செய்தாரைப் பொறுத்து, இதற்கு ஓர் எல்லை வகுத்தருள வேண்டும் என்று வேண்ட, பன்னிரு திங்களில் பழைய உரு பெறுக என்று அடிகள் சொல்லுகின்றார். பிறரைக் காக்க எழுந்த சினமும் கஷாயமே. அதுவும் வினையைக் கட்டும். வழிகாட்டியவரை வழிநடந்தவர்கள் திருத்துகின்றார்கள் என்பதையும், அவர் அதற்குச் செவிசாய்த்தார் என்பதையும் பேத்திக்கு எடுத்துரைத்தோம். எமக்கு அன்று திருத்தும் குரல் கிடைத்தது, யாம் செவிசாய்க்கவில்லை.

மற்றொன்று, கற்றறிந்தவர்களும் எம்மிடம் வினவியுள்ள ஐயம். ஈர்யா சமிதி பகலொளியில் நடக்கச் சொல்கிறது. புறஞ்சேரி இறுத்த காதையிலோ அடிகள் இரவில் நடக்கின்றார். கடுங்கோடையில் பரற்கற்கள் சுடும். கண்ணகியின் அடி பொறாது. பாண்டியன் காக்கும் நாட்டில் விலங்கும் ஊறு செய்யாது. பல உயிர்க்கும் பகலினும் இதமானது நிலவு. ஆகவே இரவில் செல்வோம் என்று கோவலன் வேண்ட, அடிகள் இசைகின்றார். இது நெறி வழுவியது ஆகாதா? நிலவொளியில் நிலம் தெரியும் என்று சிலர் அமைதி கூறுவர். எமக்கு அவ்வமைதி போதவில்லை. தம் நோன்பில் சிறு குறை நேரும் என்பதை அறிந்தே, நடக்க மாட்டாதவளின் காலுக்காக அடிகள் அதனை ஏற்றார் என்றே கொள்கின்றோம். இக்கருத்தை ஒப்பாத பெரியோர் இருக்கக்கூடும். அவர்கள் எழுதினால் பணிந்து கற்போம். அவ்விரவில் புலி உலவுகிறது, ஆந்தை அலறுகிறது, கரடி உறுமுகிறது. கோவலன் தன் தோளைக் கொடுத்துக் கண்ணகியைக் கூட்டிச் செல்கின்றான். அடிகள் அறவுரை பகர்ந்துகொண்டே வருகின்றார், காட்டுக்கோழி கூவும் வரை.

இத்துணைக் காத்தும் முடிவில் காக்க முடிந்ததா? இல்லை. மாதரியிடம் அடைக்கலமாக ஒப்புவித்த பின்னர்க் கோவலன் கொலையுண்டான். அச்செய்தி கேட்டு எழுந்த சினம் பாண்டியன் மறைவால் தணிந்து, என்னோடு வந்த இவர்தம் வினை இவ்வாறு உருத்ததோ என்று நைந்து, கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தார் என்று நீர்ப்படைக் காதை கூறுகிறது. அவர் மீது பழி சொல்வார் ஒருவரும் இல்லை. ஆயினும் உடன் நடந்தவர் என்ற முறையில் அதனைத் தம் கணக்கில் எழுதிக்கொண்டார்.

அன்றிரவு கூடத்தில் பை கவிழ்க்கப்பட்டது. எம் மகளும் வந்து அமர்ந்தாள். மிகையான உடுப்பு நான்கு, ஈரமான தகரப்புட்டிகள், முகப்பூச்சு வகைகள், இரண்டாவது பவர் பேங்க், ஒரு கனத்த நாவல் ஆகியவை வெளியே நின்றன. உறக்கப்பை, மழையங்கி, டார்ச்சு, மருந்துகள், நீர் வடிகட்ட வெள்ளைத்துணி, அந்திக்கு முன் உண்பதற்கு எம் மகள் வறுத்துக் கொடுத்த அவலும் பொரிகடலையும் உள்ளே போயின. எடை 9 கிலோவுக்கு இறங்கியது. அதன்பின் அவளாகவே தெருமுனைக் கடைக்குப் போய், தனக்குப் பொருந்தாத பெரிய அளவில் ஒரு சோடி ரப்பர்ச் செருப்பும், விளையாட்டு ஆசிரியர்கள் பயன்படுத்தும் ஊதல் ஒன்றும் வாங்கி வந்தாள். யாருக்கு என்று யாம் கேட்கவில்லை.

விடியலில் பேருந்து நிலையம் வரை எம் மகளே கொண்டுபோய் விட்டு வந்தாள். நான்காம் நாள் இரவு வெயிலில் கறுத்துத் திரும்பியவள், மூன்று நாளும் அந்திக்கு முன் உண்டாயிற்று என்றும், ஒரு நாள் மட்டும் மழையால் கூடாரம் சேரத் தாமதமாகி உண்ணாமலே படுத்ததாகவும் சொன்னாள். அட்டைகள் நிறையக் கடித்தனவாம். உப்பு வைக்காமல் நகத்தால் மெல்ல நெம்பி இலையில் விட்டதாகச் சொல்லிச் சிரித்தாள். ஊதலை வரிசையின் கடைசியில் வருபவர் கழுத்தில் மாற்றி மாற்றி அணியச் செய்தார்களாம். செருப்பு திரும்பி வரவில்லை.

1984ஆம் ஆண்டு மாணவியின் முகவரியை, அவளோடு பயின்ற ஒருத்தி கேட்டறிந்து அனுப்பியிருக்கின்றாள். பேரப்பிள்ளைகள் இருக்கின்றார்களாம். கடிதத்தை இருமுறை எழுதிக் கிழித்தாயிற்று; இரண்டிலும் எம் அச்சத்தைப் பற்றிய விளக்கமே மிகுந்திருந்தது. மூன்றாவது நான்கு வரிதான். இக்கட்டுரையோடு அதனையும் இன்று அஞ்சலில் சேர்க்கின்றோம்.